நமக்கு நாமே திட்டம்: வசூலுக்கு முன் செய்ய வேண்டியவை

பள்ளிக் கழிப்பறை, நூலகம், அங்கன்வாடி, சிறுபாலம் என ஊர்ப் பொதுவுக்கு ஒன்று வேண்டுமென்றால், மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும். மீதியைத் தமிழக அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும். 1997-98இல் தொடங்கிய திட்டம் இது. இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22 முதல் மறுபடி பழைய பெயரிலேயே நடக்கிறது.

முதல்முறை கேட்பவர்கள் பலர் வசூலில் இறங்கிவிடுகிறார்கள். வேண்டாம், முதலில் நிலத்தைப் பாருங்கள். புல எண்ணை வைத்து வி.ஏ.ஓ.விடம் 'அ' பதிவேட்டில் (ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு) வகைப்பாட்டைச் சரிபாருங்கள். ஓடை, குளம், வாய்க்கால் என்றிருந்தால் அங்கே கட்டடம் கிடையாது. தண்ணீர் வந்தே பல வருஷம் ஆனாலும் பதிவேட்டில் அது ஓடைதான். பட்டா நிலத்தை ஒருவர் தருவதாகச் சொன்னால், ஊராட்சி பெயருக்குத் தானப்பத்திரம் பதிவாகும்வரை அதை நம்பி அடுத்த அடி வைக்காதீர்கள்.

அடுத்தது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் ஒன்றைப் பிடியுங்கள். 'அடிப்படை வசதி வேண்டும்' என்று எழுதினால் பயனில்லை. வேலையின் பெயர், புல எண் இரண்டும் தீர்மானத்தில் இருக்கட்டும்.

பிறகு மனுவோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எஸ்டிமேட் (செலவு மதிப்பீடு) கேளுங்கள். பொறியாளர் அளக்கும்போது கூடவே நில்லுங்கள், ஏனென்றால் பாதி வேலைகள் கெடுவது இங்கேதான். கழிப்பறை எஸ்டிமேட்டில் சுவர், ஓடு, பீங்கான் எல்லாம் இருக்கும்; மேல்நிலைத் தொட்டி, மோட்டார், மின் இணைப்பு, கழிவுத் தொட்டி விட்டுப்போயிருக்கும். திறப்பு விழா முடிந்த மறுவாரமே அந்தக் கழிப்பறைக்குப் பூட்டு விழுந்துவிடும். ஒவ்வொரு வரியாகப் படித்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. உட்பட வரும் மொத்தத் தொகைக்குத்தான் பங்கு கணக்கு.

வசூல் இப்போதுதான். எஸ்டிமேட் 9 லட்சம் என்றால் மக்கள் பங்கு 3 லட்சம், வங்கியில் டி.டி. (வரைவோலை) எடுத்து, நகல் வைத்துக்கொண்டு செலுத்துங்கள். நிர்வாக அனுமதி தருபவர் ஆட்சியர். முடிந்தால் பாதித் தொகையாக, 4.5 லட்சமாகத் திரட்டுங்கள்: 50 சதவீதமோ அதற்கு மேலோ கொடுத்தால் டெண்டர் இல்லாமல் நீங்களே வேலையை எடுத்துச் செய்யலாம்.

யார் செய்தாலும் எஸ்டிமேட் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். அஸ்திவாரக் குழியில் டேப் பிடித்து ஆழத்தைப் பாருங்கள். மண் தள்ளி மூடிய பிறகு அதைக் காட்டச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது.