புது ரைடுக்கு வெள்ளோட்டம் விடுவது எப்படி

தீம் பார்க்கில் ஒரு புது ரைடைக் கட்டியவர்கள் ஆளில்லாமல் அதைப் பலநூறு முறை ஓட்டிப் பார்த்திருப்பார்கள். இருக்கைகளில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்கார வைத்து, ஒரு ஆள் எடைக்குப் பிரேக் எப்படிப் பிடிக்கிறது, எந்தத் திருப்பத்தில் வேகம் குறைகிறது என்றெல்லாம் அளந்திருப்பார்கள். ஆனால் பொம்மை கையில் பையோடு வராது. கண்ணாடியை எங்கே வைப்பது என்று கேட்காது. ஆளை இருக்கையில் பிடித்து வைக்கும் பட்டை பூட்டிய பிறகு பயந்துபோய் இறங்க வேண்டும் என்று சொல்லாது. இயந்திரம், ஊழியர்கள், கூட்டம் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது என்ன நடக்கிறது என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே தெரிந்துகொள்ளத்தான் வெள்ளோட்டம். தீம் பார்க்குகள் இதை சாஃப்ட் ஓப்பனிங் என்றும் டெக்னிகல் ரிகர்சல் என்றும் சொல்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பாதுகாப்புச் சோதனை முடியாத ரைடில், வெள்ளோட்டம் என்ற பெயரில் யாரையும் ஏற்றக் கூடாது. ஆய்வு அதிகாரியின் சான்று, தயாரிப்பாளரின் ஒப்புதல், தினசரிச் சோதனைப் பட்டியல் எல்லாம் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ரைடின் ரயில், அதாவது ஆட்கள் உட்கார்ந்து போகும் வண்டித் தொடர், நிற்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஆட்களை இறக்கும் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். அதில் ஒரு முறையாவது இரவில், விளக்கை அணைத்துச் செய்து பாருங்கள். பகலில் எளிதாகத் தெரியும் படிக்கட்டு இருட்டில் கைப்பிடியே இல்லாததுபோல் இருக்கும்.

யாரை எந்த வரிசையில் ஏற்றுவது

வழக்கமான வரிசை இது: முதலில் பார்க்கின் ஊழியர்கள், அடுத்து அவர்களின் குடும்பங்கள், பிறகு ஆண்டுச் சந்தா வைத்திருப்பவர்கள், கடைசியில் அன்று பார்க்குக்கு வந்திருக்கும் பொதுமக்கள்.

ஊழியர்களை மட்டும் ஏற்றிய நாளில் வரும் கணக்கை நம்ப வேண்டாம். அவர்களுக்குப் பட்டை எப்படிப் பூட்டும் என்று தெரியும், சொன்ன வரிசையில் நிற்பார்கள், பையை அறையிலேயே வைத்துவிட்டு வருவார்கள். குடும்ப நாள்தான் முதல் உண்மையான சோதனை. குழந்தைகள், தாத்தா பாட்டி, தள்ளுவண்டி எல்லாம் அன்றுதான் வரும்.

அழைப்பை வைத்து ஆளை அனுமதிப்பதானால் அதில் பெயரும் ஒரே ஒரு முறை ஸ்கேன் ஆகும் குறியீடும் இருக்கட்டும். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்டின் முன்னோட்ட நாளில் போலி அழைப்புகளோடு ஆயிரக்கணக்கானோர் உள்ளே புகுந்துவிட்டார்கள். பார்க் திணறிப்போனது.

எத்தனை பேர் என்பதிலும் கவனம் வேண்டும். முழுக் கொள்ளளவை ஒரு நாளாவது சோதிக்கத்தான் வேண்டும், ஆனால் திறப்புக்குச் சில நாள் முன்பு அல்ல. ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2005 செப்டம்பர் 12-இல் திறந்தது. அதற்கு எட்டு நாள் முன்பு, செப்டம்பர் 4-இல் நடந்த அறக்கொடை முன்னோட்ட நாளில் முழு அளவான 30,000 பேரை உள்ளே விட்டார்கள். ரைடுகளுக்கு இரண்டு மணி நேரம் வரை வரிசை நின்றது, சாப்பாட்டுக் கடைகளிலும் காத்திருப்பு. குறை தெரிந்ததென்னவோ நல்லதுதான். சரிசெய்ய எட்டு நாள்தான் மிச்சமிருந்தது. ஷாங்காய் டிஸ்னிலேண்டுக்கு 2016-இல் சோதனை ஓட்டம் மே மாதத் தொடக்கத்திலேயே ஆரம்பித்தது, முறையான திறப்பு ஜூன் 16. இடைவெளி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

வாசலில் என்ன சொல்வது

வெள்ளோட்டத்தின் உயிரே, நினைத்த நேரத்தில் வாசலை மூட முடிவதுதான். பார்க் செயலியில் நேரம் போட்டுவிட்டால் அது திறப்பு ஆகிவிடும். மக்கள் அதை நம்பித் திட்டமிட்டு வருவார்கள், மூடும்போது கோபப்படுவார்கள், ஊழியர்களுக்கு மூடவே மனம் வராது. அதனால் வரைபடத்தில் ரைடைக் காட்டாதீர்கள், காத்திருப்பு நேரத்தை அறிவிக்காதீர்கள், நாளை உண்டா என்று கேட்டால் உறுதி சொல்லாதீர்கள். வாசலில் ஒரு பலகை போதும்:

"இந்த ரைடு சோதனை ஓட்டத்தில் உள்ளது. முன்னறிவிப்பின்றி நிறுத்தப்படலாம். வரிசையில் நிற்பதால் ஏறும் வாய்ப்பு உறுதியாகாது."

வாசலில் நிற்பவர் இதை வாயாலும் சொல்ல வேண்டும். பலகையைப் படிக்காமல் உள்ளே போகிறவர்கள்தான் அதிகம்.

வாசல் திறந்த சில நிமிடங்களில் யாராவது படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள், கூட்டம் ஓடி வரும். படம் எடுக்கத் தடை போட்டுப் பயனில்லை. கயிறு கட்டிய கம்பங்களையும் கூடுதலாக இரண்டு ஆட்களையும் முன்கூட்டியே தயாராக வைப்பதுதான் வழி.

வரிசையின் நீளமும் மேடையில் கரையும் விநாடிகளும்

ஒரு ரயிலுக்கு 24 இருக்கை, 45 விநாடிக்கு ஒரு ரயில் என்று திட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 ரயில், 1,920 பேர். முதல் நாள் 90 விநாடி ஆகும். 40 ரயில்தான் போகும். மூன்று பேராக வந்தவர்கள் நான்கு பேர் வரிசையில் ஒரு இடத்தைக் காலியாக விட்டுவிடுவதால், சராசரியாக 21 இருக்கைதான் நிரம்பும். ஆக 840 பேர். திட்டத்தில் பாதிகூட இல்லை. யாரையும் 40 நிமிடத்துக்கு மேல் நிற்க வைக்கக் கூடாது என்று முடிவு செய்தால் வரிசையில் 560 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த 560-ஆவது ஆள் எங்கே நிற்பார் என்று தரையில் குறிபோட்டு, அங்கே ஒரு ஊழியரை நிறுத்துங்கள். 1,920-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அதே வரிசையில் 1,280 பேரை அனுமதித்து, கடைசி ஆளை ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்திருப்பீர்கள்.

இனி அந்த 90 விநாடி எங்கே போனது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஸ்டாப்வாட்ச்சோடு, ஆட்கள் ஏறி இறங்கும் மேடையில் ஒருவர் நிற்பதைவிட நல்ல வழி இல்லை. நான்கு நேரங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: ரயில் நின்றது முதல் பட்டை திறந்தது வரை, பழைய ஆட்கள் மேடையை விட்டு விலகும் வரை, புதியவர்களில் கடைசி ஆள் உட்காரும் வரை, பட்டைகளைச் சோதித்து ரயில் நகரும் வரை. இருபது ரயிலுக்கு இப்படி எழுதினாலே குற்றவாளி தெரிந்துவிடும். பெரும்பாலும் அது பைதான். பை வைக்கும் தட்டு மேடையின் எதிர்ப்பக்கம் இருக்கும். ஏறுகிறவர் இருக்கையைத் தாண்டிப் போய், பையை வைத்து, போனை எடுத்து மறுபடி உள்ளே வைத்து, திரும்பி வந்து உட்காருவார். அவர் ஒருவருக்காக மற்ற 23 பேரும் காத்திருப்பார்கள். தட்டை இடம் மாற்றுங்கள், அல்லது வரிசை தொடங்கும் இடத்திலேயே லாக்கர் வையுங்கள்.

ஒவ்வொரு பட்டையையும் கையால் இழுத்துப் பார்க்கும் நேரத்தில் மட்டும் கை வைக்கவே கூடாது. நேரம் குறைய வேண்டும் என்று மேலிருந்து அழுத்தம் வந்தால் முதலில் அவசரப்படுவது அந்தக் கைதான். ஆளைக் கூட்டுங்கள், அவசரத்தைக் கூட்டாதீர்கள்.

ரயில்களின் எண்ணிக்கையையும் இதோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்று ரயில் இருக்கிறது என்று மூன்றையும் முதல் நாளே விட்டால், மேடையில் ஏற்றுவது தாமதமாகும்போது பின்னால் வரும் ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே பிரேக்கில் நிற்கும், அதற்குப் பின்னால் வருவதும் வழியில் நிற்கும். பாதுகாப்பு அமைப்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஆனால் ஏறியவர்கள் ரைடு பழுதாகிவிட்டது என்று பயப்படுவார்கள், புது ஆபரேட்டரும் பதறுவார். ஒரு ரயிலோடு தொடங்கி, மேடை நேரம் நிலைப்பட்ட பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

நேரத்தையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். குளிர்ந்த காலையில் சக்கரமும் கிரீஸும் இறுகி ரயில் மெதுவாகப் போகும். சூடேறிய பிறகு அதே ரயில் வேகமாக வரும். பிற்பகலில் மட்டும் சோதித்த ரைடு, திறப்பு நாள் காலையில் புதுக் குணம் காட்டும்.

நின்றுவிட்டால்

நிற்கும். அதற்குத்தான் வெள்ளோட்டம். எது பழுதானால் ரைடை நிறுத்துவது, எது பழுதானாலும் ஓட்டலாம் என்ற பட்டியல் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். வழியில் காட்சிக்காக வைத்த அசையும் பொம்மை ஒன்று நின்றுபோனால் ஓட்டலாம். ஒரு இருக்கையின் பட்டை பூட்டியதாக சென்சார் காட்டவில்லை என்றால் அந்த ரயில் நகரக் கூடாது. நிறுத்தும் அதிகாரம் மேடையில் நிற்கும் கடைநிலை ஊழியருக்கும் உண்டு. திரும்ப ஓட்டும் அதிகாரம் தொழில்நுட்பப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட பிறகு, அந்த ஷிஃப்டின் தலைவர் ஒருவருக்கு மட்டும். விளம்பரத் துறைக்கு இதில் எந்த வாக்கும் இல்லை.

வரிசையில் நிற்பவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்குள் முதல் அறிவிப்பு வர வேண்டும். 20 நிமிடத்தில் சரியாகாது என்று தெரிந்தால் வரிசையைக் கலைத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று ஒரு மணி நேரம் இழுப்பதுதான் பெரிய தவறு. கலைந்து போகிறவர்களுக்கு வேறு ரைடில் முன்னுரிமை தருவதா இல்லையா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். சத்தம் போட்டவருக்கு மட்டும் கொடுத்தால் மறுநாள் எல்லோரும் சத்தம் போடுவார்கள்.

உயரம் அளப்பது வரிசையின் வாசலில் நடக்கட்டும். 40 நிமிடம் நின்ற குழந்தையை மேடையில் திருப்பி அனுப்புவது கொடுமை. மாதிரி இருக்கை ஒன்றையும் வாசலருகே, கொஞ்சம் மறைவாக வையுங்கள். பட்டை பூட்டாத உடல்வாகு உள்ளவர் அதை எல்லோர் முன்னாலும் தெரிந்துகொள்ளக் கூடாது. சக்கர நாற்காலியிலிருந்து மாறி உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் நேரில் அளந்துவிடுங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரம், எவ்வளவு நேரம், காரணம் மூன்றையும் எழுதுங்கள். காரணம் இயந்திரமா, ஆபரேட்டரா, விருந்தினரா, வானிலையா என்று பிரித்தால்தான் எந்தத் துறை எழுந்து வேலை செய்ய வேண்டும் என்று தெரியும். மாலைக் கூட்டத்துக்குத் துப்புரவுப் பணியாளரையும் அழையுங்கள். போன்களும் தொப்பிகளும் எந்தத் திருப்பத்துக்குக் கீழே விழுகின்றன என்பது அவருக்குத்தான் தெரியும். மறுநாள் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று சொல்ல முடியாது.

எப்போது முறையாகத் திறக்கலாம்

எல்லா ரயில்களும் ஓடி, காலை முதல் இரவு வரை, திட்டமிட்ட எண்ணிக்கையில் 85 சதவீதத்தைத் தொடர்ந்து மூன்று நாள் தொட்டால் திறக்கலாம். தேதியை மாற்றவே முடியாத நிலை வந்தால் நேரத்தையாவது குறையுங்கள். 2019 ஜூன் 13-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பார்க்கில், ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்ரிட் பெயரிலான மோட்டார்பைக் ரோலர் கோஸ்டர், பொதுமக்களுக்கு வெள்ளோட்டம் விடாமலே திறந்தது. முதல் நாள் காத்திருப்பு 10 மணி நேரம் வரை போனது. அடுத்து வந்த வாரங்களில் ரைடைக் காலையில் மூடி வைத்து, தாமதமாகத் திறந்தார்கள். அந்த முறையைத் திறப்புக்கு முன்பே திட்டத்தில் எழுதிவிடுங்கள்: காலை நேரம் தொழில்நுட்பக் குழுவுக்கு, நண்பகலுக்குப் பிறகு விருந்தினருக்கு. இதை முதல் நாளே பலகையில் போட்டுவிட்டால் விடிந்ததும் வந்து வாசலில் நிற்கிறவர்கள் இருக்க மாட்டார்கள்.