ஓடும் எக்செல் மேக்ரோவை இடையில் நிறுத்தினாலும் கணக்கு கெடாமல் இருக்க: ஒரு செய்முறை விளக்கம்

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வாங்கும் கடை ஒன்றுக்கு மாதக் கணக்கு முடிக்கும் எக்செல் கோப்பை அமைத்துக் கொடுத்தபோது தீர்க்க வேண்டியிருந்த ஒரு சிக்கலைப் பற்றியது இந்தக் குறிப்பு. ஒவ்வொரு விவசாயியும் அன்றன்று கொண்டுவந்த பாலின் எடை, அதன் உலர் ரப்பர் சதவீதமான டி.ஆர்.சி., அன்றைய விலை ஆகிய மூன்றும் ஒரு தாளில் பதிவாகின்றன. 100 கிலோ பாலில் டி.ஆர்.சி. 35 என்றால் 35 கிலோவுக்கு விலை போட்டு, முன்பணத்தைக் கழித்து, ஆளுக்கொரு பட்டியல் எழுதுவது மேக்ரோவின், அதாவது எக்செலுக்குள் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பின், வேலை. அது ஓடி முடியச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் யாரேனும் பாலுடன் வந்து நின்றால் எடை பதிய அதே கோப்பு வேண்டும் என்பதால், கடையில் இருப்பவர் எஸ்கேப் விசையை அழுத்துவார். அவர் அழுத்துவது முற்றிலும் நியாயமானது.

ஆனால் எக்செல் அப்போது காட்டும் பெட்டியில் ‘கன்டினியூ’, ‘எண்ட்’, ‘டீபக்’ என்ற பொத்தான்கள்தான் இருக்கும். ‘எண்ட்’ அழுத்தினால் மேக்ரோ நின்ற இடத்திலேயே அறுந்துவிடும். சிலருக்குப் புதிய தொகையும் மற்றவர்களுக்குப் போன மாதத் தொகையும் ஒரே தாளில் நிற்கும். மேக்ரோ தாளில் மாற்றம் செய்ததும் முந்தைய செயல்களின் பட்டியல் அழிந்துவிடுவதால் கன்ட்ரோல் இசட் உதவாது. ஆகவே எப்போது நிறுத்துவது என்பதைப் பயனர் முடிவு செய்யட்டும், எந்த இடத்தில் நிற்பது என்பதை மேக்ரோ முடிவு செய்யட்டும் என்பதே இங்கு நான் பின்பற்றும் முறை.

மேக்ரோ எழுதவும் எடிட்டரைத் திறக்கவும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். எடிட்டரில் ‘அப்ளிகேஷன்’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் புள்ளி வைத்தால், அதற்கு உரிய பெயர்கள் பட்டியலாக வரும்.

முதல் படி, மேக்ரோ மாற்றப்போகும் அமைப்புகளின் பழைய நிலையைக் குறித்து வைப்பது. வேகத்துக்காகக் ‘கால்குலேஷன்’ அமைப்பை மேனுவலாகவும் ‘எனேபிள்ஈவண்ட்ஸ்’ அமைப்பை ஃபால்ஸ் ஆகவும் மாற்றுகிறோம் அல்லவா, மேக்ரோ இடையில் அறுந்தால் இவ்விரண்டும் தாமாகப் பழைய நிலைக்குத் திரும்பா. அதன்பின் புதிதாகப் பதியும் எடைக்குத் தொகை மாறாமலே நிற்கும்; காரணமும் எளிதில் புலப்படாது. முடிவில் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆட்டோமேட்டிக்’ என்று வைப்பதைவிட, தொடக்கத்தில் இருந்த மதிப்பை ஒரு மாறியில் வைத்திருந்து அதையே திருப்பி வைப்பதுதான் சரியானது. இந்தத் திருப்பி வைக்கும் வரிகளை மேக்ரோவின் கடைசியில் ‘வெளியேறு’ என்ற பொருள்படும் ஒரு லேபிளின், அதாவது தாவிச் செல்ல இடம் குறிக்கும் பெயரின், கீழ் வைத்து, வேலை முழுமையாக முடிந்தாலும் இடையில் நின்றாலும் அந்த வழியாகவே வெளியேறும்படி செய்யுங்கள்.

அடுத்தது, ‘அப்ளிகேஷன்.எனேபிள்கேன்சல்கீ’. இதற்கு மூன்று மதிப்புகள் உண்டு. இயல்பான ‘எக்ஸ்எல்இன்டரப்ட்’ மேலே சொன்ன பெட்டியைக் காட்டும். ‘எக்ஸ்எல்டிசேபிள்டு’ விசையையே செயலிழக்கச் செய்யும். சுழல், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைப் பகுதி, முடிவின்றி ஓடத் தொடங்கினால் டாஸ்க் மேனேஜரில் எக்செலையே மூடவேண்டிவரும், சேமிக்காத பதிவுகள் போய்விடும் என்பதால் முழு மேக்ரோவுக்கும் இதை வைப்பதை நான் ஏற்பதில்லை. நமக்கு வேண்டியது ‘எக்ஸ்எல்எரர்ஹேண்ட்லர்’. இதை வைத்தால் எஸ்கேப் அல்லது கன்ட்ரோல் பிரேக் அழுத்தியதும் எண் 18 கொண்ட பிழை எழும். ‘ஆன் எரர் கோடூ’ வழியாக அதை நாமே பிடித்துக்கொள்ளலாம். மேக்ரோ முடிந்து எக்செல் ஓய்வுநிலைக்குத் திரும்பியதும் இம்மதிப்பு இயல்புக்கு மாறிவிடும். எனவே கோப்பைத் திறக்கும்போது ஒருமுறை வைத்தால் போதாது, ஒவ்வொரு மேக்ரோவின் தொடக்கத்திலும் வைக்க வேண்டும்.

மூன்றாவது படியில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். பிழை 18 வந்ததும் அங்கேயே நிறுத்தினால், ஒருவருடைய பட்டியலின் நடுவில் நிற்போம்; பாலின் தொகை ஏறியிருக்கும், முன்பணம் கழிந்திருக்காது. எனவே பிழையைப் பிடிக்கும் பகுதியில் எதையும் நிறுத்தாமல், ‘நிறுத்தக்கோரிக்கை’ என்ற பொருளில் ஒரு பூலியன் (ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டு மதிப்புகளை மட்டும் ஏற்கும்) மாறியை ட்ரூ ஆக்கிவிட்டு ‘ரெஸ்யூம்’ கொடுத்து வேலையைத் தொடரச் செய்யுங்கள். ஒரு விவசாயியின் கணக்கு முழுவதும் எழுதி முடிந்தபின், சுழலின் கடைசி வரியில் அந்த மாறியைப் பாருங்கள். ட்ரூ என்றால் ‘நிறுத்தலாமா?’ என்று கேட்டு, ஆம் என்றால் ‘வெளியேறு’ லேபிளுக்குப் போகலாம். இல்லை என்றால் மாறியை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு அடுத்தவருக்கு நகரலாம். இதற்கு ஆம், இல்லை என்ற இரண்டு பொத்தான்கள் மட்டும் உள்ள செய்திப்பெட்டியைப் பரிந்துரைக்கிறேன். அதை எஸ்கேப் விசையால் மூட முடியாது என்பதால், பதற்றத்தில் மீண்டும் மீண்டும் விசையை அழுத்துபவரும் கேள்வியைப் படித்தே பதில் சொல்வார்.

இங்கே ‘ரெஸ்யூம்’ எந்த வரியிலிருந்து தொடரும் என்பதைக் கவனிக்க வேண்டும். பிழையைப் பிடிக்கும் பகுதி முதன்மை மேக்ரோவில் இருந்து, கணக்குப் போடும் வேலை அது அழைக்கும் வேறொரு துணைநிரலில் (தனியாக எழுதிய கட்டளைப் பகுதியில்) நடந்தால், துணைநிரலின் நடுவில் எழும் பிழை மேலே வந்து பிடிபடும். ‘ரெஸ்யூம்’ அந்த அழைப்பு வரியையே மறுபடி ஓட்டும். அதாவது துணைநிரல் முதலிலிருந்து இரண்டாம் முறை ஓடும். ஏற்கெனவே இருந்த மொத்தத்தோடு கூட்டிக்கொண்டு போகும்படி அது எழுதப்பட்டிருந்தால் பால் இருமுறை சேரும், முன்பணம் இருமுறை கழியும், திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. இதற்கு நான் வைத்துள்ள தீர்வு, துணைநிரல் தொடங்கும்போதே அந்த நபரின் மொத்தத்தைச் சுழியமாக்கி, எல்லாக் கணக்கையும் மாறிகளிலும் அரேயிலும் போட்டு, விடையை மட்டும் கடைசியில் ஒரே வரியில் தாளில் எழுதுவது. அப்படி எழுதிய துணைநிரல் எத்தனை முறை ஓடினாலும் ஒரே விடைதான் வரும்.

பிழையைப் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ துணைநிரலில் எங்கேனும் இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் பிழை 18 அதிலேயே விழுங்கப்பட்டுவிடும், பயனர் அழுத்தியது யாருக்கும் தெரியாமலே போகும்.

‘எக்ஸ்எல்டிசேபிள்டு’ மதிப்புக்கு உரிய இடம் ஒன்று உண்டு. ‘வெளியேறு’ லேபிளின் முதல் வரியில் அதை வையுங்கள். அமைப்புகளைத் திருப்பி வைக்கும் அந்தச் சில வரிகளின்போது எஸ்கேப் குறுக்கிடக் கூடாது; அங்கே சுழல் எதுவும் இல்லாததால் சிக்கிக்கொள்ளும் அபாயமும் இல்லை.

விசையைவிடத் திரையில் தெரியும் ‘நிறுத்து’ பொத்தானே கடையில் இருப்பவர்களுக்கு எளிது. ஒரு யூசர்ஃபார்மில், அதாவது நாமே வடிவமைக்கும் சிறு சாளரத்தில், பொத்தான் வைத்து, அதை மோட்லெஸ் முறையில் (மேக்ரோவைக் காக்கவைக்காமல்) காட்டுங்கள். இயல்பான முறையில் காட்டினால் ஃபார்ம் மூடும்வரை மேக்ரோ அடுத்த வரிக்கே போகாது. பொத்தான் அழுத்தப்பட்டால் அதே மாறியை ட்ரூ ஆக்கினால் போதும். சொடுக்கை எக்செல் உணர, சுழலுக்குள் ‘டூஈவண்ட்ஸ்’ வேண்டும். வரிக்கு வரி போட்டால் வேகம் குறையும், ஆளுக்கு ஒருமுறை போதுமானது. மாறியை மாட்யூலின் தலைப்பகுதியில் ‘பப்ளிக்’ என்று அறிவிப்பதால் போன முறை வைத்த மதிப்பு அப்படியே நிற்கும். மேக்ரோவின் முதல் வரியிலேயே அதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

‘டூஈவண்ட்ஸ்’ பயனரின் கைக்கு எக்செலைத் தற்காலிகமாகத் திருப்பித் தருகிறது என்பதை மறக்க வேண்டாம். அந்த இடைவெளியில் அவர் வேறு தாளுக்குப் போகலாம். மேக்ரோ ‘ஆக்டிவ்ஷீட்’டை நம்பி எழுதப்பட்டிருந்தால் தொகைகள் அந்தத் தாளில் போய் விழும், தாள்களை எப்போதும் பெயர் சொல்லி மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த அருமனை வாசகர் ஒருவர், மேக்ரோ ஓடும்போதே தொடக்கப் பொத்தானை மறுபடி அழுத்தினால் உள்ளுக்குள் இன்னொரு ஓட்டம் தொடங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தார். ‘ஓடுகிறது’ என்று இன்னொரு பூலியன் வைத்து, அது ட்ரூ என்றால் தொடக்கத்திலேயே ‘எக்ஸிட் சப்’ செய்யுங்கள், இல்லையென்றால் ட்ரூ ஆக்கிவிட்டுத் தொடருங்கள். ‘வெளியேறு’ பகுதியில் அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். யூசர்ஃபார்மின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் என்ன ஆகும் என்றும் அவர் கேட்டிருந்தார். ‘குவெரிகுளோஸ்’ நிகழ்வில் ‘கேன்சல்’ மதிப்பை ட்ரூ ஆக்கி மூடலைத் தடுத்து, அதையும் நிறுத்தக் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குளோஸ்மோட் சுழியமாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மேக்ரோவே ஃபார்மை மூட முயலும்போதும் தடுக்கப்படும்.

இன்னொரு வாசகருக்குத் தமிழில் எழுதிய கேள்வி வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தது. மேக்ரோ எழுதும் வி.பி.ஏ. எடிட்டர் யூனிகோடை ஏற்பதில்லை, செய்திப்பெட்டியும் தமிழைக் காட்டாது. மறைத்து வைத்த ஒரு தாளின் கட்டத்தில் வாக்கியத்தை எழுதி, அக்கட்டத்தின் மதிப்பை யூசர்ஃபார்மில் உள்ள லேபிளின் ‘கேப்ஷன்’ ஆக ஓடும்போது கொடுத்தால் தமிழ் சரியாகத் தெரியும். ஆம், இல்லை பொத்தான்களையும் அதே ஃபார்மில் வைத்துவிடுங்கள். அவற்றின் பெயர்களையும் கட்டங்களிலிருந்தே எடுக்கலாம்.