ரீஃப் டேங்க்ல கல்லு அடுக்குறது எப்படி: தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது

புதுசா ரீஃப் டேங்க், அதாவது உப்புத் தண்ணில பவளம் வளக்குற தொட்டி வைக்கிறவங்க லைட்டு, ஸ்கிம்மர் (அழுக்க நுரையா வெளியேத்துற மெஷின்), வேவ்மேக்கர் (தண்ணிய ஓட வைக்கிற பம்ப்)னு மாசக்கணக்குல அலசுறாங்க, ஆனா கல்லு அடுக்குற வேலைய மட்டும் ஒரே சாயங்காலத்துல முடிச்சிடறாங்க. லைட்ட எப்ப வேணா மாத்திக்கலாம், கல்லு மேல பவளம் படர ஆரம்பிச்சிட்டா அப்புறம் அசைக்கவே மனசு வராது. அதனால இதுக்குன்னு ஒரு வாரம் ஒதுக்குங்க.

மொதல்ல கல்லு. ராமேஸ்வரம், தூத்துக்குடி கரையில கெடக்குற பவளக்கல்ல எடுத்துட்டு வந்து போடலாமான்னு நெறைய பேர் கேக்குறாங்க, தயவுசெஞ்சு வேணாம். கல் பவளம் (கல்லு மாதிரி கெட்டியா கூடு கட்டுறது) அத்தனையும், கடல் விசிறியும் (விசிறி மாதிரி விரியுற பவளம்) 2001-லேருந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கு, புலியும் அதே பட்டியல்ல தான் இருக்கு, செத்த துண்ட வீட்ல வச்சிருந்தாலும் கேஸ் தான். அந்தக் காலத்துல சுண்ணாம்புக்காகப் பவளத்த வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. நமக்குக் கடைல செராமிக்ல செஞ்ச கல்லு, கடல்லேருந்து எடுக்காத ட்ரை ராக் (உயிர் எதுவும் ஒட்டாத காஞ்ச கல்லு) எல்லாம் கெடைக்குது, அது போதும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் டேங்க்னா கிட்டத்தட்ட 190 லிட்டர், அதுக்கு 12 லேருந்து 15 கிலோ கல்லே தாராளம். ஓட்டை ஓட்டையா, எடை கம்மியா இருக்குற கல்லா பொறுக்குங்க, தண்ணில சேர்ற அழுக்கச் சரி பண்ற பாக்டீரியா குடியிருக்கப் போறது அந்த ஓட்டைக்குள்ள தான்.

இப்ப டேங்க்கத் தொடாதீங்க. அதோட அடிப்பாகம் அளவுக்கு ஒரு அட்டைய வெட்டித் தரையில போட்டு, நாலு பக்கமும் உள்பக்கமா 3 இன்ச் விட்டு ஸ்கெட்ச்ல கோடு போடுங்க. அந்தக் கோட்டத் தாண்டி எந்தக் கல்லும் வரக்கூடாது, ஏன்னா கண்ணாடி தேய்க்கிற மேக்னட்டும் உங்க கையும் அந்த எடத்துல போயிட்டு வரணும். உயரம் டேங்க்ல பாதி, மிஞ்சிப் போனா மூணுல ரெண்டு பங்கு. இப்ப பாக்க மொட்டையா தான் தெரியும், ஆனா பவளம் மேல வளரும், அதுக்கு எடம் விட்டே ஆகணும்.

எனக்குப் பிடிச்சது ரெண்டு தீவு லேஅவுட். நடுவுல பள்ளத்தாக்கு மாதிரி வெறும் மணல், அதுவும் நட்ட நடுவுல வேணாம், கொஞ்சம் ஒரு ஓரமா தள்ளி, ஒரு தீவு பெருசு இன்னொண்ணு சின்னது. செவுரு கட்டுற மாதிரி பின் கண்ணாடி பூரா அடுக்கிட்டா பின்னாடி தண்ணி ஓட்டம் செத்துப் போயி அழுக்கு சேரும், மீனுக்கும் சுத்தி வர வழி இருக்காது. ஒரு குகையாவது இருக்கட்டும், ராத்திரி மீனு ஒதுங்கும்.

மூணு காலு ஸ்டூல் மாதிரி அடிக்கல்ல ஆடாம உக்கார வச்சு, மேல வர்றத சூப்பர் க்ளூ ஜெல் கொஞ்சம், அது மேல மீன் டேங்க் எபாக்ஸி (பிசைஞ்சு ஒட்டுற பசை), திரும்ப க்ளூ, இப்படி ஒட்டுங்க. ஒரு நாள் காய விட்டு கையால தட்டிப் பாருங்க, ஆடுச்சுன்னா பிரிச்சுத் திரும்ப ஒட்டுங்க. அடிக்கல்லு கண்ணாடி மேல தான் நிக்கணும், மணல் அப்புறம் தான் கொட்டணும், ஒரு இன்ச் ஒன்றரை இன்ச் போதும். என் மொத டேங்க்ல மணல் மேல கல்லு வச்சுட்டேன், பிஸ்டல் எறா (மணல்ல வளை தோண்டுற எறா) ஒண்ணு ராவோட ராவா அடியில தோண்டி தோண்டி, விடியக்காலம் 3 மணிக்கு டொக்குன்னு ஒரு சத்தம், எந்திரிச்சுப் போயி பாத்தா மேல் கல்லு சரிஞ்சு முன் கண்ணாடில சாஞ்சு கெடக்கு. கண்ணாடி தப்பிச்சுது, அடியில மாட்டுன கோபி மீனு தப்பிக்கல. இன்னைக்கும் மனசு கேக்கல.

தண்ணி ஊத்தி வேவ்மேக்கர் போட்டதும் ஒரு சிட்டிகை மீன் தீனிய நல்லா நனைச்சு விட்டுப் பாருங்க, எங்க போயி தேங்குதோ அங்க தான் நாளைக்கு அழுக்கும் தேங்கும். கல்லத் திருப்பணும்னா அன்னைக்கே திருப்பிடுங்க.

பவளத்துக்கு வருவோம், டேங்க் சைக்கிள் முடிஞ்சு, அதாவது கல்லுல பாக்டீரியா பெருகி, தண்ணில இருக்குற அமோனியா பூஜ்யத்துக்கு வந்தப்புறம் தான். நம்ம ஊர்ல இருக்கறவங்க கல் பவளம் இல்லாம சாஃப்ட் கோரல் (கெட்டிக் கூடு இல்லாத மெத்து மெத்துன்னு இருக்குற பவளம்) மாதிரி வகைங்க வச்சே அழகா பண்ணலாம், வாங்கும்போது இறக்குமதி பேப்பர் கேளுங்க. அதுல மஷ்ரூம்ங்கற வகை கீழ, நிழல் பக்கம். ஸோவாந்தஸ் நடுவுல. லெதர் கொஞ்சம் மேல, நல்லா ஓட்டம் இருக்குற எடத்துல. க்ரீன் ஸ்டார் பாலிப், சீனியா ரெண்டும் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும், ஆனா கோரைப்புல்லு மாதிரி படரும், அதுங்களுக்குன்னு மணல்ல தனியா ஒரு கல்லு குடுத்துடுங்க, மத்த கல்லோட ஒட்டவே கூடாது. சிங்கப்பூர் மாதிரி வெளிநாட்டுல குடியிருந்து டார்ச், ஹாமர்ங்கற கல் பவளம் வாங்குறவங்க சுத்தி 6 இன்ச்சாவது விடுங்க, ராத்திரில கொட்டுற கையை நீட்டிப் பக்கத்துல இருக்குறதச் சுட்டுடும்.

எந்த ஃப்ராகா (வெட்டி விக்கிற சின்னப் பவளத் துண்டு) இருந்தாலும் வந்த அன்னைக்கே ஒட்டாதீங்க. ஒரு வாரம் மணல்ல வச்சு, அப்புறம் நெனச்ச எடத்துல சும்மா சொருகி வச்சு இன்னொரு வாரம் பாருங்க, பாலிப் நல்லா விரிஞ்சு நின்னா அப்ப க்ளூ எடுங்க.