அவுட்போர்டு மோட்டாரில் விநோதச் சத்தம்: கண்டுபிடிக்கும்போது நேரும் தவறுகள்

படகின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சினான அவுட்போர்டு மோட்டாரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டதும் பலர் முதலில் மேல்மூடியைக் கழற்றுகிறார்கள். அதுவரை மூடிக்குள் அமுங்கியிருந்த வால்வு தட்டல், காற்று உறிஞ்சும் இரைச்சல், பெல்ட் ஓடும் ஒலி எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழும். இயல்பான சத்தம்கூடக் கோளாறாகத் தோன்றும். அலுமினிய உடல் ஒலியை நன்றாகக் கடத்துவதால், அடியிலுள்ள கியர் பெட்டியில் பிறந்த உறுமல் மேலே எஞ்சினிலிருந்து வருவதுபோலக் கேட்கும்.

ஆகவே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடும் முன், எப்போது வருகிறது என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமா, சூடான பிறகா? நியூட்ரலிலா, கியரிலா? எஞ்சின் சுழற்சியோடு ஏறுகிறதா, படகின் வேகத்தோடு ஏறுகிறதா? திருப்பும்போது மட்டும் வருகிறதா? படகின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் முனகலுக்குப் படகின் அடிப்பகுதியோ அங்கே பொருத்திய கருவியோ காரணமாக இருக்கலாம். அதற்காக எஞ்சினைப் பிரிப்பது வீண் வேலை. கைபேசியில் பதிவுசெய்து மெக்கானிக்குக்கு அனுப்புவதில் தவறில்லை. ஆனால் எந்தக் கியரில், எவ்வளவு வேகத்தில் ஓடியபோது பதிவுசெய்தது என்ற விவரம் இல்லாவிட்டால் அவருக்கு அது வெறும் இரைச்சல்தான்.

மிகவும் ஏமாற்றும் தவறு இது: “நியூட்ரலிலும் சத்தம் வருகிறது, எனவே கியர் பெட்டியில் கோளாறு இல்லை.” பெரும்பாலான அவுட்போர்டுகளில் செங்குத்து ஷாஃப்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம், முன்கியர், பின்கியர் இரண்டோடும் எப்போதும் கோத்தே இருக்கும். நியூட்ரலிலும் இந்த மூன்றும் சுழன்றுகொண்டுதான் இருக்கும்; ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மட்டுமே இணைப்பிலிருந்து விலகியிருக்கும். தேய்ந்த பேரிங் நியூட்ரலிலும் முனகும். அப்படியானால் நியூட்ரல் சோதனையால் பயன் இல்லையா? உண்டு. நியூட்ரலில் அமைதியாக இருந்து, கியரில் போட்டதும் உறுமினால் சந்தேகம் கியர் பெட்டி, ப்ரொப்பெல்லர் பக்கம் திரும்ப வேண்டும். நியூட்ரலிலேயே வரும் சத்தம் எஞ்சினையோ கியர் பெட்டியையோ விடுவிப்பதில்லை.

கியர் பெட்டியின் நிலையைச் சொல்லக்கூடியது அதிலுள்ள எண்ணெய். மோட்டாரை நிமிர்ந்த நிலையில் ஓர் இரவு அசைக்காமல் வைத்துவிட்டு, அடித் திருகை மெல்லத் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் அது அடியில் தங்கியிருந்து முதலில் வெளிவரும். தண்ணீர் கலந்து ஓடிய எண்ணெய் பால்போல வெளுத்திருக்கும். திருகின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பு; மின்னும் உலோகச் சீவல்கள் இயல்பு அல்ல. வெளுத்த எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி நிம்மதியடைபவர்கள், தண்ணீர் நுழைந்த வழியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு, தண்ணீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்திருக்கும். ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்க அதிக நேரம் ஆகாது.

சத்தத்தைக் கேட்பதற்காகத் தண்ணீர் இல்லாமல் “ஒரே ஒரு நொடி” ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பிலுள்ள ரப்பர் இம்பெல்லருக்கு (தண்ணீரைத் தள்ளும் சிறகுச் சக்கரம்) அந்தத் தண்ணீர்தான் மசகு. வறண்டு ஓடினால் சிறிது நேரத்திலேயே சேதமாகும். பழைய சத்தத்தோடு சூடேறும் கோளாறும் சேர்ந்துகொள்ளும். குழாய்த் தண்ணீர் இணைத்து ஓட்டும்போதும் ஐடில் வேகத்தை (முறுக்காதபோது எஞ்சின் ஓடும் குறைந்த வேகம்) தாண்டி முறுக்காதீர்கள். சுமை இல்லாத எஞ்சின் கட்டுமீறிச் சுழலும். மேலும், சுமையில் மட்டும் வரும் சத்தம் கரையில் வராது. அதற்குத் தண்ணீரில்தான் சோதிக்க வேண்டும்.

கரையில் ஓட்டுவதற்கு முன் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். அதைக் கையால் தொடும் எந்த வேளையிலும் சாவியும், கழன்றால் எஞ்சினை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கயிறும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டவே கூடாது. புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

எஞ்சின் சீறிப் பாய, படகு மட்டும் வேகமெடுக்காமல் இருந்தால் “கியர் வழுக்குகிறது” என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ப்ரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் பிடிப்பை இழந்திருக்கலாம். உள் வளையத்திலிருந்து வெளிப்பகுதிவரை பெயின்டால் ஒரு நேர்கோடு இழுத்து, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் சுழன்றுவிட்டது. கூர்மையாகத் திருப்பும்போது மட்டும் இந்தச் சீறல் வந்தால், ப்ரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை இழுக்கிறது. அப்போது பார்க்க வேண்டியவை மோட்டார் மாட்டியிருக்கும் உயரமும் சாய்வும்.

கியரை மென்மையாக, மெதுவாகப் போட்டால் எஞ்சினுக்கு நல்லது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. கரகரப்பு உண்டாவதே அதனால்தான். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கியரோடு இணைக்கும் பற்கள் முழுமையாகச் சேர்வதற்குள் ஒன்றோடொன்று மோதித் தேய்கின்றன. ஐடில் வேகத்தில், தயங்காமல் ஒரே அசைவில் போடுங்கள். “டக்” என்று ஒருமுறை கேட்பது சரியானதே.

கனத்த சுமையில் வரும் கூழாங்கல் உலுக்கல் போன்ற ஒலியை வால்வு சத்தம் என்று எண்ணித் தொடர்ந்து ஓட்டுவது ஆபத்து. தரம் குறைந்த பெட்ரோல், எரிபொருள் குறைந்த கலவை, தவறான பற்றவைப்பு நேரம் ஆகியவற்றால் உண்டாகும் முறையற்ற எரிதலாக அது இருக்கலாம், பிஸ்டனையே துளைத்துவிடும். உடனே வேகத்தைக் குறையுங்கள்.

அழுத்தச் சோதனையில் எல்லாச் சிலிண்டர்களும் சமமாக வந்துவிட்டால் எஞ்சின் நலம் என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சோதனை பிஸ்டன் வளையங்களையும் வால்வுகளையும் ஹெட் கேஸ்கெட்டையும் பற்றித்தான் பேசும். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருப்பதை அது காட்டாது. சுமை கூடக்கூட ஆழ்ந்த இடியாக மாறும் தட்டல் கேட்டால், அளவுகள் எப்படியிருந்தாலும் எஞ்சினை நிறுத்திவிட்டு, படகை இழுத்துக் கரைசேர்க்கச் சொல்லுங்கள்.