குறைந்த விலையில் ஜாஸுக்கு ஒரு ஆர்ச்டாப் கிட்டார்

ஆர்ச்டாப் என்பது மேல்பலகை வளைந்து எழும்பிய கிட்டார். அந்தப் பலகை முழு மரத்தைச் செதுக்கியதாக வேண்டுமென்றால் விலை எகிறும். மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிச் செய்த லேமினேட் பலகையே போதும். 1949-இல் வந்த கிப்சன் ஈஎஸ்-175-ம் லேமினேட்தான். ஜாஸ் சத்தம் என்றதும் பலர் காதில் ஒலிப்பதே அது. ஆம்ப் (ஒலிபெருக்கி) அருகே வாசிக்கும்போது ஃபீட்பேக் எனும் ஊளைச் சத்தமும் குறைவு. ஐபனீஸ் ஏஎஃப்75 போன்றவை இந்த ரகம். தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம் பிக்கப். நெக் (கழுத்து) பக்கத்து பிக்கப் நன்றாக ஒலிக்கிறதா என்று வாசித்துக் கேளுங்கள். பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கத்து பிக்கப் ஜாஸில் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும்.

பழையது வாங்கினால் முதலில் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும் சரி. அடுத்து பிரிட்ஜ். இது ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில் நிற்பது. அதன் காலடியில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் கால் வளைவோடு பொருந்தவில்லை, சத்தம் மெலியும். மேல்பலகைமீது உப்புத்தாளை விரித்து, அதில் பிரிட்ஜைத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

பிறகு 12-வது ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) ஹார்மானிக்கையும், அதாவது தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரத்தையும், அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் (தந்திகளின் கடைசி நுனியைப் பிடிக்கும் பாகம்) பக்கம் நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் நெக் பக்கம்.

கடையில் பெரும்பாலும் மெல்லிய ரவுண்ட்வூண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) தந்திதான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 12-52 தடிமன் ஃபிளாட்வூண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) தந்தி போட்டால் கிட்டாரே வேறு. ஒவ்வொரு தந்தியாக மாற்றுங்கள். மொத்தமாகக் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். முன்பு வெறும் கம்பியாக இருந்த மூன்றாவது தந்தி இப்போது சுற்றிய கம்பி என்பதால், அதன் சேடிலை (பிரிட்ஜில் அந்தத் தந்தி அமரும் இடம்) சற்று நெக் பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கும்.