ஆய்விதழுக்குக் கட்டுரையா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தகடூர் (தர்மபுரியின் பழைய பெயர்), அதியமான், ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி என்று பலர் இரண்டு பக்கம் ஓட்டிவிட்டு மூன்றாம் பக்கத்தில்தான் தலைப்புக்கே வருகிறார்கள். எழுதுவது எருது விடும் விழாவைப் பற்றி என்றால் அதியமானுக்கு அங்கே என்ன வேலை? வட்டாரச் சமூகத்தையும் பண்பாட்டையும் பேசும் ஆய்விதழ் ஊர்ப்பெருமையைக் கேட்கவில்லை, ஒரு கேள்வியையும் அதற்கான சான்றையும்தான் கேட்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, இன்றைய மாவட்ட எல்லையை வைத்துப் பழைய காலத்தை அளப்பது. தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். ஆகவே நூறு வருடத்துக்கு முந்தைய நிலக்கணக்கு வேண்டுமென்றால் சேலம் மாவட்டக் கோப்புகளில் தேட வேண்டும், இன்னும் பின்னால் போனால் 1792இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த பாராமகால் (இந்தப் பக்கத்துக்கு அன்றைய பெயர்) பற்றிய ஆவணங்களில். (ஓசூரையும் அந்த 1792 கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், அது 1799இல்தான் வந்தது.) அதியமானைப் பற்றியே எழுதுகிறீர்கள் என்றாலும் இதே கதைதான்: அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் சொல்லும் ஜம்பைக் கல்வெட்டு இருப்பது திருக்கோவிலூர் பக்கம், நம் மாவட்டத்தில் இல்லையே என்று அதை விட்டால் கையில் இருக்கிற உறுதியான சான்றே போய்விடும்.

நடுகல், அதாவது இறந்த வீரருக்கு நட்ட நினைவுக்கல் விஷயத்துக்கு வருவோம். தேய்ந்துபோன எழுத்தை ஊகத்தில் நிரப்பிவிட்டு, அது ஊகம் என்று குறிக்காமல் விட்டால் அடுத்து எழுதுகிறவர் அதையே மேற்கோள் காட்டுவார். சாக்பீஸ் தேய்த்துப் படிப்பதும் வேண்டாம், மைப்படி (கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் படியெடுப்பது) எடுக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் படம் எடுங்கள். இந்தக் கற்கள் பலவற்றை ஊர்க்காரர்கள் வேடியப்பன் சாமியாகக் கும்பிடுகிறார்கள், அவர்களைக் கேட்காமல் மஞ்சள் குங்குமத்தில் கை வைக்காதீர்கள். யார் கும்பிடுகிறார்கள், எப்போது, யார் பூசை செய்கிறார் என்பதைக் கேட்காமல் கல்லின் காலத்தை மட்டும் எழுதினால் அது என் கணக்கில் பாதிக் கட்டுரைதான்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் நிறைய. தமிழில் மட்டும் பேட்டி எடுத்துவிட்டு ‘மக்கள் கருத்து’ என்று போடாதீர்கள்.

சரி, எழுதியாயிற்று, எங்கே அனுப்புவது? பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களை நம்பாதீர்கள். ஐஎஸ்எஸ்என் என்பது இதழின் அடையாள எண், தரச்சான்று கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு தரமான இதழ்கள் என்று வைத்திருந்த யுஜிசி கேர் பட்டியலையே 2025இல் கைவிட்டாயிற்று, இன்னும் அந்தப் பெயரைச் சொல்லி விளம்பரம் வந்தால் தள்ளி நில்லுங்கள். அப்புறம், ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக்கூடாது. ஓரிடத்திலிருந்து பதில் வந்த பிறகு அடுத்த இதழைப் பாருங்கள்.