பிக்சல் விளையாட்டுக்கு ஸ்டீம் முகப்புப் படம்: நான்கு மடங்கா, ஐந்து மடங்கா?

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் விளையாட்டை ஏற்றும்போது கடைப்பக்கத்துக்கு 'கேப்சூல்' என்று நான்கு முகப்புப் படங்கள் கேட்கும். ஹெடர் 920×430, சிறிய கேப்சூல் 462×174, மெயின் 1232×706, செங்குத்துக் கேப்சூல் 748×896. இதில் எல்லோரும் ஹெடரில்தான் ஆரம்பிப்பார்கள். அழகாக வரைந்து முடித்து, அதையே சுருக்கிச் சிறியதில் திணிப்பார்கள். விளையாட்டின் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். தலைகீழாகச் செய்யுங்கள்: சிறிய கேப்சூல்தான் மூலப்படம், மற்றவை அதிலிருந்து வளர்பவை.

கீழே உள்ள கணக்கெல்லாம் நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியான கேம்பாய் பாணி விளையாட்டுக்கு, அதாவது 160×144 திரை, நான்கு நிறச்சாயல். வேறு பாணி என்றாலும் கணக்கு மாறாது. லேயர் போடுவது, பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்வது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. பிக்சலா, ஓவியமா?

இது பழைய பஞ்சாயத்து. பழைய டிவி விளையாட்டுக் கருவியான அடாரி 2600-க்கு வந்த விளையாட்டுகளின் பெட்டிகளில் பிரமாதமான ஓவியம் இருக்கும். உள்ளே திரையில் நாலு சதுரம் ஓடும். 1985-ல் நின்டெண்டோ அமெரிக்காவில் இறக்கிய கறுப்புப் பெட்டி வரிசை நேர் எதிர்: விளையாட்டின் பிக்சலையே பெரிதாக்கி அட்டையில் போட்டார்கள். இரண்டும் செல்லும். நல்ல ஓவியர் கையில் இருந்தால் ஓவியத்துக்குப் போங்கள். இல்லையென்றால் பிக்சல்தான், சுமாரான ஓவியத்தைவிட நேர்த்தியான பிக்சல் எப்போதும் மேல். பாதி ஓவியம், பாதி பிக்சல் என்ற கலவை மட்டும் வேண்டாம்.

2. கேன்வாஸ் அளவு: சறுக்கும் இடம் இதுதான்

பிக்சல் படத்தைச் சின்னதாக வரைந்து முழு எண் மடங்கில் பெரிதாக்க வேண்டும் என்பது தெரிந்ததே. 920×430-ஐப் பார்த்ததும் 5-ஆல் வகுக்கத் தோன்றும். 184×86, மிச்சமே இல்லை. ஆஹா என்று அதிலேயே வரைந்துவிடுவோம்.

ஏற்றிய பிறகு பார்த்தால் ஓரமெல்லாம் மங்கலாக இருக்கும். காரணம், அந்த ஹெடர் பல இடங்களில் பாதி அளவில், 460×215 ஆகத்தான் தெரிகிறது. உங்கள் 5 பிக்சல் கட்டம் அங்கே இரண்டரைப் பிக்சல் ஆகிறது. அரைப் பிக்சலைத் திரையால் காட்ட முடியாது. பக்கத்து நிறத்தோடு கலந்து கலங்கலாகக் காட்டும். ஆகவே மடங்கு இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும்.

ஹெடருக்கு 4 மடங்கு: 230×108-ல் வரையுங்கள். பெரிதாக்கினால் 920×432 வரும், 2 வரிசை அதிகம். அந்த இரண்டையும் அடியிலிருந்து மட்டும் வெட்டுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று 'நியாயமாக' வெட்டினால் கட்டங்கள் ஒரு வரிசை நகர்ந்து, பாதியாக்கும்போது மறுபடி கலங்கும்.

மெயினுக்கும் 4 மடங்கு: 308×177, பெரிதாக்கினால் 1232×708, அதே மாதிரி அடியில் 2 வெட்டு. செங்குத்துக்கு 187×224, நான்கால் பெருக்கினால் சரியாக 748×896. சிறிய கேப்சூலுக்கு மட்டும் 6 மடங்கு: 77×29, மிச்சமில்லாமல் 462×174.

கருவி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது: பிக்சல் படம் வரைவதற்கென்றே உள்ள ஏஸ்ப்ரைட். காசு கொடுக்க முடியாதென்றால் அதன் பழைய பதிப்பிலிருந்து பிரிந்து வந்த லிப்ரேஸ்ப்ரைட் இலவசம். எக்ஸ்போர்ட் செய்யும்போதே 400%, 600% என்று கொடுத்துவிடலாம், மூலக் கோப்பைத் தொட வேண்டியதில்லை. ஃபோட்டோஷாப்பில் பெரிதாக்கித்தான் தீருவேன் என்றால் 'நியரஸ்ட் நெய்பர்' (நிறங்களைக் கலக்காமல் பெரிதாக்கும் முறை) தேர்ந்தெடுத்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். இலவசப் பட மென்பொருளான கிம்ப்பில் அதற்குப் பெயர் 'நன்'.

3. 77×29-க்குள் பெயர்

சிறிய கேப்சூலை ஸ்டீம் தானாகவே 184×69, 120×45 என்று இன்னும் சுருக்குகிறது. தேடல் பட்டியலிலும் பரிந்துரை வரிசையிலும் ஆட்கள் பார்ப்பது இவற்றைத்தான். 120×45-ல் உங்கள் 6 பிக்சல் கட்டம் ஒன்றரைப் பிக்சலுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். 3 மடங்கில் வரைந்திருந்தால் ஒரு பிக்சல்கூட மிஞ்சாது, கோடு காணாமல் போகும். 6 மடங்கு என்று அடம்பிடிப்பது இதற்குத்தான்.

எழுத்தின் கோடு 2 பிக்சல் தடிமன், சுற்றி 1 பிக்சல் அவுட்லைன். எட்டு எழுத்துப் பெயர் என்றால் ஓர் எழுத்துக்கு 8 பிக்சல் அகலம், இடையில் 1: மொத்தம் 71. இரு ஓர அவுட்லைனோடு 73, பக்கத்துக்கு 2 மிஞ்சும். இடம் சரியாக இருக்கிறது. பெயர் இரண்டு சொல் என்றால் இரண்டு வரி: வரிக்கு 11 உயரம், நடுவில் 2, மேலும் கீழும் அவுட்லைன் சேர்த்து 26. மேற்கொண்டு 3 வரிசைதான் இருக்கும். பாத்திரத்தின் முகத்துக்கெல்லாம் இங்கே இடமில்லை, ஆசைப்படாதீர்கள். பெயர் ஏறக்குறைய முழுச் சட்டத்தையும் அடைக்க வேண்டும். பின்னால் ஒரே ஒரு வடிவம், அதுவும் நிழல் போல.

பெயர் தமிழில் இருந்தால் இரண்டு வரி யோசனையை விட்டுவிடுங்கள். 'கி'யின் கொக்கி மேலே போகும், 'கு'வின் வால் கீழே இறங்கும். 11 பிக்சலில் எழுத்தின் உடலுக்கு ஆறேழு பிக்சல்தான் கிடைக்கும். அதற்குள் 2 பிக்சல் தடிமனில் மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒரே கட்டியாக அடைந்துவிடும். ஒற்றை வரி வைத்து, 25 பிக்சல் உயரத்தையும் கொடுங்கள். நீளமான பெயர் என்றால் ஐந்து எழுத்துக்குள் சுருக்க முடியுமா பாருங்கள்.

4. ஹெடரில் ஆள்

விளையாட்டில் ஓடும் 16×16 ஸ்ப்ரைட்டை (ஆளின் சின்னப் படத்தை) அப்படியே ஹெடரில் வைத்தால் 920-ல் வெறும் 64 பிக்சல் அகலம்; யார் கண்ணிலும் படாது. சரி என்று அதை மட்டும் 16 மடங்கு ஆக்கினால், பக்கத்தில் 4 மடங்கு எழுத்து, இங்கே 16 மடங்கு முகம். பிக்சல் கலைஞர்கள் 'மிக்செல்' என்று முகம் சுளிப்பது இதைத்தான்.

மார்பு வரையிலான உருவமாக, 70 பிக்சல் உயரத்தில் புதிதாக வரையுங்கள். கையில் லாந்தரோடு சுரங்கத்தில் இறங்குபவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முகத்துக்கு 30 பிக்சல், கண் ஒன்று 4×5, அதன் மேல் மூலையில் 1 பிக்சல் வெள்ளைப் புள்ளி. லாந்தர் முகத்தைவிடக் கொஞ்சம் கீழே, மூக்கின் அடியில் வெளிச்சம், நெற்றியில் இருட்டு. ஆள் ஒரு பக்கம், பெயர் மறுபக்கம். முகத்தின் மேல் எழுத்து ஏறக்கூடாது.

5. நிறம்

கேம்பாயின் நான்கு பச்சைகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு வேறுபாடு ரொம்பக் குறைவு. பெயருக்கு மிக வெளிறியது, அவுட்லைனுக்கு மிகக் கருத்தது, நடுவில் உள்ள இரண்டும் பின்னணிக்கு. ஸ்டீம் பக்கமே கருநீலம். கருத்த குகையைச் சட்டத்தின் ஓரம்வரை கொண்டுபோனால் படம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஓரத்தில் நடுத்தரப் பச்சை இருக்கட்டும்.

பல நிறம் உள்ள விளையாட்டுக்காரர்கள் சிவப்பு எழுத்தில் கவனமாக இருங்கள். நீங்கள் பிஎன்ஜி கொடுத்தாலும் கடைப்பக்கத்தில் ஹெடர் ஜேபிஜியாக வரும். ஜேபிஜி வெளிச்ச விவரத்தைக் காப்பாற்றும், நிற விவரத்தைப் பெரும்பாலும் பாதியாகக் குறைத்துவிடும். கருநீலத்தின் மேல் சிவப்பு என்றால் வேறுபாடு பெரும்பாலும் நிறத்தில்தான், அதனால் ஓரம் கசியும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பெயர் படிக்க முடிந்தால் சரி.

பழைய டிவி கோடுகள் போடும் ஃபில்டர், இரண்டு நிறங்களைச் சதுரங்கக் கட்டம்போல் மாற்றி மாற்றி வைக்கும் ஒற்றைப் பிக்சல் செக்கர் டிதரிங் இரண்டும் முகப்புப் படத்தில் வேண்டவே வேண்டாம். சுருங்கினால் கோடுகள் பட்டைபட்டையாகத் திரியும், டிதரிங் ஒரே சேறு ஆகும். விளையாட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

6. சோதனை

கிம்ப்பில் 462×174 படத்தை 120×45 ஆகச் சுருக்குங்கள். இங்கே மட்டும் 'கியூபிக்' போடுங்கள், 'நன்' அல்ல. கடை சுருக்குவது கலந்து சுருக்கும் முறையில். நீங்கள் கூர்மையான முறையில் சோதித்தால் படம் நன்றாக இருப்பதாக உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள். பிறகு ஸ்டீம் தேடல் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஏதாவது ஒரு படத்தின் மேல் அதே அளவுக்குச் சுருக்கிய உங்களுடையதை ஒட்டுங்கள். பிரவுசர் ஜூம் 100% இருக்கட்டும். விண்டோஸின் திரைப் பெரிதாக்கத்தை 125% வைத்திருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. எழுந்து இரண்டடி பின்னால் போய்ப் பாருங்கள்.

7. எழுதக் கூடாதவை

2022 செப்டம்பர் 1 முதல் கேப்சூலில் ஓவியமும், விளையாட்டின் பெயரும், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பும் மட்டும்தான். விருது முத்திரை, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி எதுவும் கூடாது. பெரிய அப்டேட் வந்தால் தற்காலிகப் படமாக, அதிகபட்சம் ஒரு மாதம், அதைப் பற்றிய வாசகம் போட்டுக்கொள்ளலாம்.

பின்னர் சேர்த்தது

லைப்ரரிப் படங்களை, அதாவது வாங்கியவரின் விளையாட்டுப் பட்டியலில் தெரிபவற்றை, மறந்துவிட்டேன். 600×900-க்கு 150×225, நான்கு மடங்கு. பின்னணியாக வரும் ஹீரோ 3840×1240-க்கு 480×155, எட்டு மடங்கு. இதில் எழுத்தே கூடாது, லோகோவைத் தனியாக, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகக் கேட்பார்கள்.

இட்ச் (itch.io) விளையாட்டுத் தளத்தில் போடுபவர்களுக்கு: அட்டைப்படம் 630×500. 158×125-ல் வரைந்து நான்கு மடங்காக்கினால் 632×500. இங்கே வெட்ட வேண்டியது வலது ஓரத்தில் 2. அங்கேயும் பட்டியலில் 315×250 ஆகத்தான் தெரியும், அதனால் இடப்பக்கம் கை வைக்காதீர்கள்.